பினாங்கின் சுவர் ஓவியங்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுன், 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2012இல் அங்கு நடந்த கலைவிழாவுக்காக, லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜக்கரேவிச் பழைய கட்டடங்களின் சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். ஆர்மீனியன் தெருவில் இருப்பதுதான் பெயர்பெற்றது. சுவரோடு பொருத்தியிருப்பது நிஜ சைக்கிள்; அதை ஓட்டும் அக்காவும், பின்னால் அவளைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் தம்பியும் ஓவியம். பக்கத்தில் நின்று சைக்கிளைப் பிடிப்பதுபோல் படமெடுக்க வரிசையே நிற்கும். காலையில் சீக்கிரம் போவது நல்லது. அருகே ஆ குவீ தெருவில் நிஜ மோட்டார் சைக்கிள்மீது ஓவியச் சிறுவன் அமர்ந்திருக்கிறான். இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் பல தெருக்களின் பழங்கதையைச் சொல்கின்றன. வெயிலும் மழையும் வண்ணத்தை மங்கவைக்கும்; கம்பிச் சித்திரங்களுக்கு அந்தக் கவலை குறைவு.