உழைப்பாளியின் கால்சட்டையும் கனவானின் காலணியும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் மொழி. அந்த ஆடைப் பாதியிலும் கால்சட்டை ஒன்றைச் சொல்ல, காலணி மற்றொன்றைச் சொன்னால், காண்பவர் எதை நம்புவார்? ஜீன்ஸ் கால்சட்டையும் அதன்கீழ்ப் பளபளக்கும் தோல் ஷூவும் அணிந்த இளைஞர்களை இன்று எங்கும் காண்கிறோம். சிலருக்கு அது மிகவும் பொருந்துகிறது. வேறு சிலரோ, அவசரத்தில் பிறர் காலணியை மாட்டிக்கொண்டு வந்தவரைப் போலத் தோன்றுகின்றனர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் விலை அன்று. இரண்டு பொருள்களும் எங்கே, எதற்காகப் பிறந்தன என்பதை அறிந்தால், அவற்றைப் பொருத்தும் முறை தானே விளங்கும்.

முதலில் ஜீன்ஸைப் பார்ப்போம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ என்னும் ஊரில், ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் இருந்தார். கடின வேலை செய்வோரின் கால்சட்டைகளில் பைகள் அடிக்கடி கிழிந்துபோவதைக் கண்ட அவர், பையின் மூலைகளில் செப்பு ரிவெட்டுகளை அடித்து உறுதி செய்தார். அவருக்குத் துணி கொடுத்துவந்த சான்பிரான்சிஸ்கோ வணிகர் லெவி ஸ்ட்ராஸுடன் சேர்ந்து, 1873-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுரங்கத்திலும் பண்ணையிலும் பாடுபட்டவனின் உடையாகவே ஜீன்ஸ் உலகுக்கு வந்தது.

அந்தத் துணியின் இயல்பையும் சற்று நோக்குங்கள். பாவு நூல் நீலச் சாயம் ஏற்றியது. ஊடை நூல் வெள்ளை. நீலச் சாயம் நூலின் மேற்புறத்தில் படியுமேயன்றி, உட்கருவரை ஊறுவதில்லை. ஆதலால் உராயுந்தோறும் சாயம் உதிர்ந்து, உள்ளிருக்கும் வெண்மை தலைகாட்டுகிறது. முழங்காலும் தொடையும் வெளுத்த ஜீன்ஸ், 'நான் உழைத்தவன்' என்று கூறாமற் கூறுகிறது.

இனி, காலணி. தோல் ஷூக்களில் இரண்டு வகைகளை நீங்கள் பிரித்தறிய வேண்டும். ஒன்று ஆக்ஸ்போர்டு, மற்றொன்று டெர்பி. நாடாவை அவிழ்த்துப் பாருங்கள். நாடாத் துளைகள் உள்ள இரு மடல்களும் கதவுகளைப் போல் முற்றிலும் விரிந்து திறந்தால் அது டெர்பி. மடல்களின் அடிப்பகுதி முன்தோலுக்கு உள்ளே செலுத்தித் தைக்கப்பட்டு, முழுதும் விரியாமல் நின்றால் அது ஆக்ஸ்போர்டு. ஆக்ஸ்போர்டு, கோட்டும் சூட்டும் அணிந்து அவையில் அமர்வோருக்கு உரியது. திறந்த மடல் உள்ளதோ, நடப்போருக்கு வசதியானது. நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட பிரஷ்யத் தளபதி புளூக்கரின் பெயரை இவ்வகைக் காலணி ஒன்று இன்றும் தாங்கி நிற்கிறது. துளைக் கோலம் இட்ட புரோக் என்னும் அலங்காரமும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறங்களிலிருந்து வந்ததே. நாடாவே இல்லாத லோபர், நார்வே நாட்டு எளிய மக்களின் காலணியை ஒட்டி எழுந்தது.

இப்போது நமது கணக்கு எளிதாகிவிடுகிறது. காலணிகளை ஓர் ஏணியாக எண்ணிக்கொள்ளுங்கள். உச்சிப் படியில் கண்ணாடிபோல் மின்னும் கருப்பு ஆக்ஸ்போர்டு. அதன்கீழ்க் கருப்பு டெர்பி. அடுத்துப் பழுப்பு டெர்பி. பின்னர்த் துளைக் கோலம் இட்ட புரோக். அதற்கும் கீழே லோபரும், ஸ்வேட் என்னும் மென்பரப்புத் தோலால் ஆன காலணிகளும். ஜீன்ஸுக்கும் ஓர் ஏணி உண்டு. மேற்படியில் கிழிசலும் வெளுப்பும் இல்லாத அடர்நீலம், நடுவில் இளநீலம், கடைசியில் கிழிந்து தொங்குவது. காலணி ஏணியில் சில படிகள் இறங்கியும், ஜீன்ஸ் ஏணியில் சில படிகள் ஏறியும் இரண்டையும் சந்திக்கச் செய்வதே பொருத்தத்தின் இரகசியம். அடர்நீல ஜீன்ஸும் பழுப்பு டெர்பியும் நண்பர்கள். வெளுத்த ஜீன்ஸும் மின்னும் கருப்பு ஆக்ஸ்போர்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும் அயலார்.

கால்சட்டையின் நீளமும் கவனத்துக்கு உரியது. அதன் விளிம்பு காலணியின் மேற்புறத்தை மெல்லத் தொட்டு நின்றால் போதும். குதிகாலில் துணி குவிந்து மடிந்தால் எந்த ஷூவின் வடிவமும் மறைந்துவிடும். கால்வாய் மிக அகலமானால் மெலிந்த ஷூவை விழுங்கிவிடும். மிக இறுக்கமானால் ஷூ படகுபோல் நீண்டு தெரியும். அளவான நேர்க்கால் ஜீன்ஸே நலம். இடைவாரின் நிறம் காலணியின் நிறத்தோடு ஏறத்தாழ ஒத்திருக்கட்டும். இன்னொன்று: புதிய அடர்நீல ஜீன்ஸின் சாயம் வெளிர்நிறத் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஸ்வேட்டில் ஏறிய கறை எளிதில் போகாது. ஆகவே ஜீன்ஸை உட்புறம் வெளியாகத் திருப்பி, குளிர்நீரில் தனியே அலசி உலர்த்திய பின் அணிக.

கல்லூரி முடித்து வேலை தேடும் மாணவர் ஒருவரிடம் ஒரே ஒரு சோடு ஷூவுக்குத்தான் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பணம் பெரும்பாலும் பெற்றோரின் உழைப்பு. அவர் எதை வாங்குவது? கருப்பு ஆக்ஸ்போர்டை வாங்கினால் நேர்முகத் தேர்வுக்கு உதவும். மற்ற நாளெல்லாம் பெட்டியில் உறங்கும். அலங்காரமற்ற அடர்பழுப்பு டெர்பியை வாங்கினால், தேர்வு நாளில் மடிப்புக் கலையாத கால்சட்டையோடும், மற்ற நாள்களில் ஜீன்ஸோடும் அது உடன்வரும். அடிப்பாகம் பசையால் மட்டும் ஒட்டப்படாமல் விளிம்பில் தைக்கப்பட்டதாயின், தேய்ந்தபின் மாற்றித் தைத்துக்கொள்ளலாம். நம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோலும் காலணியும் உருவாகி வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. நல்ல தோலை ஆராய்ந்து வாங்க நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நமது வெப்பத்தில் தோல் வியர்வையை உறிஞ்சும். ஒருநாள் அணிந்தால் மறுநாள் நிழலில் காற்றாட வையுங்கள். அதன் ஆயுள் நீளும்.

ஆயினும், எவ்வளவு பொருத்தமான ஷூவும் ஜீன்ஸைச் சூட்டாக்கிவிடாது. நேர்முகத் தேர்வு, நீதிமன்றம், துக்க வீடு போன்ற இடங்களில் ஜீன்ஸைத் தவிர்ப்பதே அவையறிதல்.

சுரங்கத் தொழிலாளியின் துணியும் கனவானின் தோலும் இன்று ஒரே உடலில் சந்திக்கின்றன. ஒரு காலத்தில் அவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கமாட்டார்கள். அச்சந்திப்பு அழகாக அமைய வேண்டுமானால், உயர்ந்தது சற்று இறங்க வேண்டும். எளியது சற்று நிமிர வேண்டும். இது ஆடைக்கு மட்டும் உரிய விதியன்று என்பதை இளைஞர்களாகிய நீங்கள் அறியாதவர்கள் அல்லர்.