மறைந்த தசையின் வலிமை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி முன்னொரு காலத்தில் கடலின்கீழ்க் கிடந்தது. நத்தைபோற் சுருண்ட கடலுயிர்கள் கல்லாய்ச் சமைந்து அங்கே காணப்படுவது அதனாலேயே. கடல் பின்வாங்கியபின் ஆற்று மணல் படிந்த இடம் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு. அங்கு டைனோசர்களின் எலும்புகளும், ஊனுண்ணும் டைனோசர்களின் பற்களும் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகச் சிறிய பல் ஒன்றைப் பற்றிய ஆய்வு 2013ஆம் ஆண்டு வெளிவந்தது.

இப் பல்லுக்குரிய விலங்கு எவ்வளவு வலிமையுடன் கடித்திருக்கும்? கடிக்கும் வலிமை பல்லினுடையதன்று, தாடைத் தசையினுடையது. தசையோ மண்ணில் மறைந்துவிட்டது. ஆயினும் அது பற்றியிருந்த மேடும் குழியும் மண்டையோட்டில் நிற்கும். அவற்றை முதலையின் மண்டையோட்டோடும் பறவையின் மண்டையோட்டோடும் ஒப்பிட்டுத் தசையின் கன அளவை மதிப்பிடுவர். இவ்விரண்டுமே டைனோசருக்கு மிக நெருங்கிய உறவினவாக இன்று வாழ்வன.

கன அளவு மட்டும் போதாது. கயிற்றின் நீளத்தை இரட்டித்தால் அதன் வலிமை கூடுமோ? கூடாது, புரிகளை மிகுத்தால்தான் கூடும். தசையும் அத்தகையதே. 600 கன சென்டிமீட்டர் தசையில் நார்கள் 20 சென்டிமீட்டர் நீளமுடையனவாயின், 600ஐ 20ஆல் வகுக்க, அவற்றின் குறுக்குப் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 நியூட்டன் எனக் கொண்டால் இழுவிசை 900 நியூட்டன். நார்கள் 5 சென்டிமீட்டரேயாயின், பரப்பு 120. விசை 3,600 நியூட்டன்! குறுநார்கள் இறகின் இழைகள்போல் நடுத் தண்டின் இருபுறமும் சாய்ந்து அமையும். சாய்வினால் விசை சிறிது குறையும். ஆனால் நார்களின் மிகுதி அக் குறையை ஈடுசெய்துவிடும். எனினும் குறுநார் சிறிதளவே நீளும். ஆதலின் வாயை மிக அகலத் திறத்தல் அரிது.

பாக்குவெட்டியில் பாக்கை மூட்டின் அருகே வைத்தால் எளிதில் வெட்டுகிறோம் அல்லவா? தாடையிலும் மூட்டை அடுத்த பின்பற்களே மிகுந்த விசையுடன் கடிக்கும்.

கணக்கு மெய்யா என அறிய உயிருள்ள முதலைகள் உதவுகின்றன. 2012இல் வெளிவந்த ஆய்வில் உவர்நீர் முதலையின் கடிவிசை ஏறத்தாழ 16,400 நியூட்டன் என அளக்கப்பட்டது. டைரனோசாரசுக்கோ அவ்வாண்டின் ஓர் ஆய்வு 35,000 முதல் 57,000 வரை கூறிற்று; 2017இல் மற்றோர் ஆய்வு 8,500 முதல் 34,500 வரையே தந்தது. மறைந்த தசையை இரு குழுவினரும் ஒரேவகையாக மீட்டமைக்கவில்லை.

கல்லமேட்டுப் பல்லின் அறுக்கும் விளிம்பு அதன் உணவைக் குறிப்பாகச் சொல்லும். கடிவிசையைக் கணக்கிடவோ, தசைத் தழும்புகளோடு கூடிய மண்டையோடு வேண்டும்.