கல்லூரி வாசல் திறந்தால் மட்டும் போதுமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, தவணை எல்லாம் எழுதி முடிந்து, எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஒரு உறுப்பினர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கணவர் விட்டுவிட்டுப் போய் மூன்று வருடம். இரண்டு பிள்ளைகள். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோனவர்.

"மேடம், எந்த வேலைக்குப் போனாலும் பத்தாவது கேக்குறாங்க. இந்த வயசுல நான் படிக்க முடியுமா? படிக்கப் போனா பிள்ளைங்கள யார் பாத்துக்குவா? கூலிக்குப் போகாத நாள்ல அடுப்பு எப்படி எரியும்?"

அவர் கேட்டது மூன்று கேள்வி. அதில் ஒன்றுதான் படிப்பைப் பற்றியது. மற்ற இரண்டும் பிள்ளையைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும். இதே கேள்விகளை ஐம்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் பெண்கள் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல், ஒன்றுகூடிப் போராடி அரசாங்கத்திடம் பதிலும் வாங்கினார்கள். அந்தக் கதையைத்தான் இந்த மாதம் சொல்லப் போகிறேன்.

இடம் இழந்த இல்லத்தரசிகள்

டிஷ் சொம்மர்ஸ் என்ற பெண்மணிக்கு 57 வயதில் விவாகரத்து ஆனது. அத்தனை வருடம் குடும்பத்தைப் பார்த்தவருக்குத் தனக்கென்று எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வீட்டு வேலைக்குச் சம்பளமும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. வேலை தேடிப் போனால், "முன் அனுபவம் உண்டா?" என்ற கேள்வி.

அணை கட்டும்போது ஊரைக் காலி செய்தவர்கள் வாழ்ந்த இடத்தை இழக்கிறார்கள் அல்லவா? அதுபோல, கணவர் இறந்தோ பிரிந்தோ போனதால் வாழ்ந்த இடத்தை இழந்த பெண்களை 'டிஸ்பிளேஸ்டு ஹோம்மேக்கர்' என்று அவர் அழைத்தார். 'இடம் இழந்த இல்லத்தரசி' என்று நாம் சொல்லலாம். பெயர் வைத்த பிறகுதான் இது தனி ஒருத்தியின் தலைவிதி இல்லை, நாட்டின் பிரச்சினை என்று பலருக்கும் புரிந்தது.

கணவரை இழந்த லாரி ஷீல்ட்ஸ் என்பவரும் அவரோடு சேர்ந்துகொண்டார். பெண்களைத் திரட்டினார்கள். 1975-ல் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே சட்டம் வந்தது. 1976-ல் ஓக்லண்டு நகரில் மில்ஸ் கல்லூரியில் முதல் உதவி மையம் திறந்தது.

மையத்தில் என்ன கிடைத்தது?

பிறகு நாடு முழுவதும் இப்படிப் பல மையங்கள் வந்தன. நிறைய மையங்கள் சமுதாயக் கல்லூரிகளில் இருந்தன. இவை வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த கட்டணத்தில், வயது பார்க்காமல் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள். அங்கே கிடைத்த உதவிகள்:

• பயத்தைப் போக்கிப் பேச ஒரு ஆலோசகர். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பவரிடம், வீட்டுக் கணக்குப் பார்த்தது, நோயாளியைக் கவனித்தது எல்லாமே திறமைதான் என்று எடுத்துச் சொல்வார்கள்.
• வகுப்பு நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடம், அல்லது அதற்கான செலவுப் பணம்.
• போக்குவரத்து, புத்தகச் செலவுக்கு உதவி.
• பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்களுக்கு அதை முடிக்க வழி.
• அதே நிலையில் உள்ள பெண்கள் கூடிப் பேசும் குழு. நம் குழு மாதிரிதான்!

1984-ல் வந்த பெர்கின்ஸ் தொழிற்கல்விச் சட்டம், மாநிலங்களுக்குக் கொடுக்கும் நிதியில் 8.5 சதவீதத்தைத் தனித்து வாழும் பெற்றோருக்கும் இல்லத்தரசிகளுக்கும் ஒதுக்கச் சொன்னது. பிள்ளை பராமரிப்புக்கும் போக்குவரத்துக்கும்கூட அதைச் செலவு செய்யலாம்.

கிடைத்தது நிலைத்ததா?

1998-ல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தத் தனி ஒதுக்கீட்டை எடுத்துவிட்டார்கள். உதவி பெறத் தகுதியானவர்கள் பட்டியலில் பெயர் இருந்தது, கட்டாயப் பணம் இல்லை. பல மையங்கள் சுருங்கிப் போயின. அதே 1998-ல், ஏழைத் தாய் தந்தையர் படிக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கல்லூரிகளுக்கு நிதி தரும் வேறொரு திட்டம் வந்தது. போராடி வாங்கியதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

நம்மால் என்ன முடியும்?

அந்த உறுப்பினரிடம் நான் சொன்னது இதுதான்: "படிக்க முடியும்க்கா. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுத மேல் வயது வரம்பே கிடையாது." முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் என்னால் தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. குழுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள்:

1. நம் குழுவில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் யார் யார்? மறுபடி படிக்க யாருக்கு ஆசை?
2. வகுப்பு நாளிலும் பரீட்சை நாளிலும் அவர் பிள்ளைகளை யார் முறை போட்டுப் பார்த்துக்கொள்வது?
3. மாட்டுக்கும் கடைக்கும் உள்கடன் கொடுக்கிறோம். பரீட்சைக் கட்டணத்துக்கும் கூலி போன நாட்களுக்கும் கொடுக்கலாமா?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். நானும் அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போகிறேன். அந்த அக்கா இந்த முறை கடைசி வரை தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது.