தங்காலையில் ஒரு தனி பங்களா

விடுமுறைக்கு இலங்கையின் தென்கரையிலுள்ள தங்காலையில் தனி பங்களா எடுக்க எண்ணுகிறீர்களா? வாடகையைக் கேட்குமுன் மாதத்தைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அங்கே கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் வாடகை குறைவதும் அதனாற்றான். அம்மாதங்களில் கிழக்குக் கரையின் பாசிக்குடாவே அமைதியானது. தங்காலைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை உகந்தது. அப்போதும் நீரோட்டம் இழுக்கும் இடங்கள் உண்டு. உள்ளூர் மீனவரைக் கேளாமல் பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள்.

நம் இல்லத்துப் பெண்கள் தனி பங்களாவை விரும்புவது பெரும்பாலும் அதன் நீச்சல் குளத்துக்காக. ஆனால், ‘தனி’ என்னும் விளம்பரச் சொல்லை மட்டும் நம்பி முன்பணம் அனுப்பிவிடாதீர்கள். மதில் எவ்வளவு உயரம், அடுத்த வீட்டு மாடியிலிருந்து குளம் தெரியுமா, தோட்டக்காரரும் குளத்தைத் துப்புரவு செய்பவரும் எந்நேரம் வருவர் என்றெல்லாம் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுங்கள். கடலை நோக்கிய பக்கத்தில் பெரும்பாலும் மதில் இராது. கரையிலோ எவரும் நடக்கலாம்.

பல பங்களாக்களில் சமையற்காரரும் இருப்பார். சந்தைச் செலவு பெரும்பாலும் தனி. ஹலால் இறைச்சியை எங்கே வாங்குவார் என்று முன்னதாகவே கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் மீனோடு நிறுத்திக்கொள்ளலாம். தங்காலை மீன்பிடித் துறைமுகமாயிற்றே!