மூணு மாசமா லாபம் வருது… அது திறமையா, அதிர்ஷ்டமா?



உதாரணத்துக்கு ஒருத்தரை எடுத்துக்குவோம். சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில வேலை, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 35,000 ரூபாய். நிஃப்டி வீக்லி ஆப்ஷன் வாங்கி விக்கிறார். ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு மூணு மாசத்துல 60 டிரேடு. ஆப்ல காட்டுற லாபம் 24,000 ரூபாய். இப்போ அவர் மனசுல ஓடுறது இதுதான்: "ஒரு லாட்லயே மாசம் எட்டாயிரம் வருது. அஞ்சு லாட் போட்டா நாப்பதாயிரம். சம்பளத்தைவிட அதிகமாச்சே!"

பெருக்கல்ல தப்பு இல்ல. ஆனா அந்த எட்டாயிரம் நிஜமா அவர் சம்பாதிச்சதா, இல்ல தானா வந்து விழுந்ததா? இந்தக் கேள்விக்கு விடை தேடுறதுல பங்குச் சந்தைக்காரங்களைவிட அனுபவசாலிங்க போக்கர் ஆடுறவங்கதான். அதனால முதல்ல அந்த மேஜைக்குப் போயிட்டு வருவோம்.

ஆடுறதுக்கு இல்ல, கணக்கு கத்துக்க மட்டும். 2023 ஏப்ரல்ல தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தப்போ, ரம்மியும் போக்கரும் தடைப் பட்டியல்ல இருந்துச்சு. மாநிலச் சட்டம்ங்கிறதால அது புதுச்சேரிக்குப் பொருந்தாது. முத்தியால்பேட்டையில இருந்து காலாப்பட்டுக்கு பஸ்ல போறவர், நடுவுல கோட்டக்குப்பம் வந்தா போனை உள்ள வைக்கணும், தாண்டினதும் வெளிய எடுக்கலாம்! நம்ம ஊர் எல்லை அப்படி. அதே வருஷம் நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம், ரெண்டுமே திறமை விளையாட்டுன்னு சொல்லி அந்தப் பட்டியலை ரத்து பண்ணுச்சு. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேற்றின சட்டம், பணம் வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை பண்ணிடுச்சு. இதுல ஒண்ணு கவனிங்க: ஒரு ஆட்டம் திறமை விளையாட்டுன்னு கோர்ட் சொன்னா, அதை ஆடுற உங்களுக்குத் திறமை இருக்குன்னு அர்த்தம் இல்ல.

சரி, கணக்குக்கு வருவோம். போக்கர்ல ஜெயிக்கிறோமான்னு பார்க்க, கையில எவ்வளவு பணம் சேர்ந்துச்சுன்னு பார்க்க மாட்டாங்க. 100 ஆட்டத்துக்கு எத்தனை பிக் பிளைண்ட் (அந்த மேஜையோட அடிப்படைப் பந்தயத் தொகை) லாபம்னு பார்ப்பாங்க. 5 வந்தா நல்ல ஆட்டக்காரர். ஆனா ஆறு பேர் ஆடுற மேஜையில, ஒவ்வொரு 100 ஆட்டத்துக்கும் முடிவு சுமார் 90 பிக் பிளைண்ட் மேலயும் கீழயும் சிதறும். பத்தாங்கிளாஸ்ல படிச்ச திட்ட விலக்கம் ஞாபகம் இருக்கா? அதேதான். லாபம் 5, சிதறல் 90. கடற்கரை இரைச்சல்ல பக்கத்துல ஒருத்தர் முணுமுணுக்கிற மாதிரி.

10,000 ஆட்டம் ஆடி சராசரி 5 வந்திருக்குன்னு வைங்க. அதுல பிழை ரெண்டு பக்கமும் 18 வரைக்கும் இருக்கலாம். அதாவது உண்மையான நிலைமை 13 நஷ்டமாவும் இருக்கலாம், 23 லாபமாவும் இருக்கலாம். ஒரு லட்சம் ஆட்டம் ஆடினாலும் பிழை 5.7. அப்பவும் ஜெயிக்கிறேன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. மணிக்கு 70 ஆட்டம், தினமும் ரெண்டு மணி நேரம்னா, ஒரு லட்சம் முடிக்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆகும்.

இப்போ நம்ம சேதராப்பட்டுக்காரர். 60 டிரேடுல 24,000 ரூபாய்னா டிரேடுக்குச் சராசரி 400. சில நாள் 6,000 வந்திருக்கும், சில நாள் 5,000 போயிருக்கும். சிதறல் 4,000 ரூபாய்னு வைங்க. 4,000-ஐ 60-ஓட வர்க்கமூலத்தால வகுத்தா சுமார் 516. அதை ரெண்டு மடங்காக்கினா 1,032. அப்போ அவரோட உண்மையான சராசரி, டிரேடுக்கு 632 ரூபாய் நஷ்டத்துல இருந்து 1,432 ரூபாய் லாபம் வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். அந்த 400 வெறும் அதிர்ஷ்டம் இல்லன்னு ஓரளவு நம்பணும்னாலே இதே வேகத்துல 400 டிரேடு வேணும். இருபது மாசம்.

இதுல செலவை இன்னும் கழிக்கவே இல்ல. பல ஆப்ல பொசிஷன் பக்கத்துல பச்சையா தெரியுற தொகை கட்டணம் கழிக்காதது. வாங்க ஒரு ஆர்டர், விக்க ஒரு ஆர்டர், தலா 20 ரூபாய் புரோக்கரேஜ், அது மேல 18% ஜிஎஸ்டி: டிரேடுக்கு 47 ரூபாய் 20 காசு. 400 ரூபாய் சராசரி 353 ஆகிடுச்சு. தேவையான டிரேடு 400-ல இருந்து 514 ஆகிடுச்சு. எஸ்டிடி வேற தனியா இருக்கு. ஆப்ஷன் விக்கும்போது பிரீமியத்துல 0.0625%-ஆ இருந்ததை 2024 அக்டோபர் 1-ல இருந்து 0.1% ஆக்கினாங்க. போக்கர் மேஜையில ஒவ்வொரு பந்தயத்துலயும் நடத்துறவர் ஒரு பங்கு எடுப்பாரே, அதே கதைதான்.

2024 செப்டம்பர்ல செபி வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 2021-22 முதல் 2023-24 வரை மூணு வருஷத்துல, எஃப்&ஓ டிரேடு பண்ணின ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல லாபம் பார்த்தவங்க 1% தான். 2024-25 வருஷத்துலயும் 91% பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.05 லட்சம் கோடிக்கு மேல. போக்கர்ல எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் யாருன்னு பார்த்து மேஜையை மாத்திக்கலாம். இங்க எதிர்ல கம்ப்யூட்டர் அல்காரிதம் வச்சு ஆடுற பெரிய நிறுவனம் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

"ஆறு மாசம் தொடர்ந்து லாபம்"னு டெலிகிராம்ல ஸ்கிரீன்ஷாட் போடுறாங்களே? 1,000 பேர் மாசத்துக்கு ஒரு தடவை காசு சுண்டினாலே, அதுல 15, 16 பேருக்கு ஆறு மாசமும் தலை விழும். ஸ்கிரீன்ஷாட் போடுறது அந்த 16 பேர்தான், மீதி 984 பேர் இல்ல.

ஆப்ஷன் விக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் ஏமாத்தும். பத்து மாசம் சின்னச் சின்ன லாபமா வரும், சிதறலும் கம்மியாத் தெரியும். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள்ல நிஃப்டி ஒரே நாள்ல 5.9% இறங்குச்சு. அப்படி ஒரு நாள் உங்க கணக்குல இன்னும் வரலன்னா, உங்க ரெக்கார்டு பாதிதான் எழுதியிருக்குன்னு எடுத்துக்குங்க.

அடுத்து அந்த அஞ்சு லாட் ஆசை. போக்கர்ல சின்ன மேஜையில ஜெயிச்சவர் பெரிய மேஜைக்குப் போனா கணக்கை முதல்ல இருந்து தொடங்கணும். அஞ்சு லாட்டுக்கு சிதறல் டிரேடுக்கு 20,000. 60 டிரேடுக்குச் சேர்த்தா சுமார் 1.55 லட்சம். நம்ம நண்பரோட மூணு மாசச் சம்பளமே 1.05 லட்சம்தான்! திறமை நிஜமாவே இருந்தாலும், சாதாரணமா வர்ற ஒரு மோசமான காலாண்டு அதை முழுங்கிடும்.

நீங்க செய்ய வேண்டியது ஒரு சின்ன ஷீட். ஒவ்வொரு டிரேடுக்கும் கான்ட்ராக்ட் நோட்ல இருக்கிற எல்லாச் செலவும் கழிச்ச தொகையை ஒரே வரிசையில போடுங்க. சராசரியை, சிதறல் வகுத்தல் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுங்க. விடை 2-க்குக் கீழ இருக்கிற வரைக்கும் ஒரு லாட்தான். நடுவுல முறையை மாத்தினா புது ஷீட். சம்பளத்துல இருந்து மறுபடி மறுபடி போட்ட பணத்தையும் தனியா எழுதுங்க. அக்கவுன்ட் பேலன்ஸ் ஏறினது லாபத்தாலயா, நீங்க போட்டதாலயான்னு பல பேருக்குத் தெரியறதே இல்ல.

ஒரு விஷயம், லாபமோ நஷ்டமோ, எஃப்&ஓ தொழில் வருமானம். சம்பளக்காரர்னு ஐடிஆர்-1 போடக்கூடாது, ஐடிஆர்-3. கெடு தேதிக்குள்ள போட்டாத்தான் நஷ்டத்தை எட்டு வருஷத்துக்கு எடுத்துட்டுப் போக முடியும். அந்த ஷீட்டை எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவுல செஞ்சே காட்டுறேன். உங்க கான்ட்ராக்ட் நோட்டை டவுன்லோட் பண்ணி வச்சிருங்க.