துண்டிலிருந்து சுயவிபரக்கோவைக்கு

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதிய மாணவர் ஒருவர், தொழிற்பயிற்சிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது, தம்முடைய கல்வியையும் திறமையையும் அனுபவத்தையும் ஓரிரு பக்கங்களில் ஒழுங்குபடுத்தித் தாமே எழுதிக் கொடுக்கும் ஆவணமே சுயவிபரக்கோவை எனப்படுகிறது. இவ்விளக்கத்தில் வரும் ‘தாமே’ என்னும் சொல், கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டிய போன்ற தேயிலை, இறப்பர்த் தோட்டப் பகுதிகளில் வளரும் பிள்ளைகளுக்குத் தனிக் கனமுடையது. ஏனெனில், தோட்டத் தொழிலாளரான அவர்களுடைய முன்னோர் தோட்டம் மாறியபோது, அவர்களைப் பற்றிப் புதிய தோட்டத்துக்கு அறிவித்த தாளை வேறொருவரே எழுதினார். ‘துண்டு’ என்று அழைக்கப்பட்ட அந்தத் தாள், தொழிலாளி தீர்க்க வேண்டிய கடன் இவ்வளவு, அது தீர்ந்தால் அவரை விடுவிக்கலாம் என்று தோட்டத்தை நிர்வகித்த துரை எழுதிக் கொடுத்த சீட்டாகும். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்படும்வரை, ஓர் ஆளின் கடனே அவருடைய அடையாளமாக ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் பயணம் செய்தது.

இன்று மாணவர் தம் கையால் எழுதக்கூடிய தாளையும் பிறரிடம் ஒப்படைத்துவிடுவது வருத்தத்துக்குரியது. கொமியூனிகேஷன் கடையில் முன்னர் வந்துபோன எவரோ ஒருவருடைய கோப்பைத் திறந்து, பெயரையும் பிறந்த திகதியையும் மாத்திரம் மாற்றி அச்சிட்டால், ‘பொழுதுபோக்கு: வாசித்தல், கிரிக்கெட்’ என்ற வரிகூட மாறாமல் வந்துவிடுகிறது. அதைப் படிக்கும் அதிகாரியின் கண்ணுக்கு ஐம்பது விண்ணப்பதாரரும் ஒரே ஆளாகத் தெரிவர்.

‘அனுபவம்’ என்ற தலைப்பின்கீழ் எழுத ஒன்றுமில்லை என்று பள்ளி மாணவர் கருதுவதே இதற்குக் காரணம். சம்பளம் பெற்ற வேலை மட்டுமே அனுபவமன்று. பொறுப்பேற்று, தொடர்ந்து செய்து, பிறர் நம்பியிருந்த எந்தச் செயலும் அனுபவமே. தாய் தேயிலை மலைக்குச் சென்று பறித்த கொழுந்தின் நிறையை நாள்தோறும் கொப்பியில் குறித்துவைத்து, முழுநாளுக்குரிய ‘பேர்’ விழுந்ததா, குறைந்த நிறைக்காக ‘அரைப்பேர்’ போடப்பட்டதா என்று மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மகள், கணக்குப் பதிவின் அடிப்படையை ஏற்கெனவே அறிந்தவள். ‘கணக்கில் திறமை உண்டு’ என்று அவள் எழுதினால் அது வெறும் சொல். ‘குடும்பத்தின் சம்பளச் சீட்டை இரண்டு ஆண்டுகளாக நிறைக் குறிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல்’ என்று எழுதினால் அது சான்று. தமிழ்மொழித் தினப் போட்டியில் வலய மட்டம்வரை சென்றவர், போட்டியின் பெயரோடு பிரிவையும் ஆண்டையும் மட்டத்தையும் சேர்த்து எழுத வேண்டும். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் சிங்களமும் பேசுவது இங்குள்ள பிள்ளைகளுக்கு மிக இயல்பானது என்பதால், அதை ஒரு தகைமையாக எவரும் எண்ணுவதில்லை. இரண்டும் அரச கரும மொழிகளாக உள்ள நாட்டில் அது பெரிய தகைமை. பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள தேர்ச்சியை நேர்மையாகக் குறிப்பிடுவதே முறை.

பரீட்சைப் பெறுபேற்றைப் பாடவாரியாக உள்ளபடியே தரவேண்டும். சாதாரண சித்தியைத் திறமைச் சித்தியாக உயர்த்திக் காட்டினால், மூலச் சான்றிதழைக் கேட்கும் நாளில் அது வெளிப்பட்டுவிடும். உறவினரல்லாத இருவரைப் பரிந்துரைப்போராகக் குறிப்பிடுமுன் அவர்களிடம் அனுமதி பெறுவது அவசியம். மாணவரை நன்கறிந்த வகுப்பாசிரியர், அறியாத பிரமுகரைவிடப் பொருத்தமானவர்.

பெயரில் கூடுதல் கவனம் வேண்டும். தமிழ்ப் பெயர் சிங்களத்தில் பதியப்பட்டு, பின்னர் ஆங்கிலத்துக்கு மாறும்போது ‘புஷ்பராஜ்’ ஓரிடத்தில் ‘புஸ்பராஜா’ ஆகிவிடுவதுண்டு. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றை அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே கோவையில் பெயரை எழுத வேண்டும். வேறுபாடு இருந்தால் நேர்முகப் பரீட்சைக்கு முன்பே திருத்தத்துக்கு விண்ணப்பிப்பது நல்லது. முகவரியில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால், கடிதம் தோட்டக் காரியாலயத்தில் தங்கி, நேர்முகப் பரீட்சையின் நாள் கடந்தபின் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேரக்கூடும். ஆகவே, தோட்டப் பிரிவு, லய இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு ஆகியவற்றோடு, பெற்றோர் இருவரும் மலையில் இருக்கும் பகல் வேளையிலும் எவரேனும் எடுத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கத்தையும் சேர்க்க வேண்டும்.