அஞ்சலட்டையா, ஒட்டிய உறையா?

வல்லத்திராக்கோட்டையில் நிலக்கடலை வியாபாரம் செய்யும் ஒருவர், சென்னையிலுள்ள எண்ணெய் ஆலைக்குப் பட்டியல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொகையும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் உள்ளன. அஞ்சலட்டையில் எழுதிப் பெட்டியில் போடுவாரா? மாட்டார், உறையிலிட்டு ஒட்டித்தான் அனுப்புவார். ஆனால் அதே மனிதர் மின்னஞ்சல் அனுப்பும்போது, தம்மை அறியாமலே அஞ்சலட்டையைப் பயன்படுத்திவிடக்கூடும்.

மின்னஞ்சலை அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. அன்று கணிப்பொறி வலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களுமே. ஆகவே அதற்குப் பூட்டு அமைக்கவில்லை. பூட்டில்லாத கடிதத்தை வழியில் இருப்பவர் படிக்கலாம். கணக்கு எண்ணைத் திருத்தவும் செய்யலாம். உடன் செல்லும் கடவுச்சொல் 'பேஸ்-64' என்னும் எழுத்துமாற்றத்தில் புரியாததுபோல் தோன்றும். ஆனால் நொடியில் அதைப் பழைய உருவுக்குத் திருப்பிவிடலாம்.

இக்குறையைப் போக்குவது டி.எல்.எஸ். என்னும் மறையாக்க முறை. இதற்கு இரு கணிப்பொறிகளுக்கும் பொதுவான சாவி ஒன்று வேண்டும். எல்லோரும் கேட்கப் பேசிக்கொண்டே இரகசியச் சாவியை உண்டாக்க முடியுமா? முடியும். 1976-இல் டிஃபி, ஹெல்மன் இருவரும் வெளியிட்ட வழியைத் தாளில் போட்டுப் பாருங்கள்.

2, 11 ஆகிய எண்கள் ஊரறிந்தவை. நீங்கள் மனத்தில 3-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 2-இன் மூன்றாம் அடுக்கு 8. 11-ஆல் வகுக்க மீதியும் 8. அதை உரக்கச் சொல்லுங்கள். நான் 4-ஐ நினைக்கிறேன். 2-இன் நான்காம் அடுக்கு 16, மீதி 5. அதை நான் சொல்கிறேன். இனி நீங்கள் 5-இன் மூன்றாம் அடுக்கைக் கண்டால் 125, மீதி 4. நான் 8-இன் நான்காம் அடுக்கைக் கண்டால் 4096, மீதி 4. இருவரிடமும் ஒரே சாவி! ஒட்டுக்கேட்டவர் அறிந்தவை 8, 5 மட்டுமே. எண்கள் மிகப் பெரியவையானால், அவற்றிலிருந்து சாவியைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாது.

இனி உங்கள் மின்னஞ்சல் மென்பொருளில் 'வெளிச்செல்லும் சர்வர்' பகுதியைத் திறங்கள். போர்ட் எண் 465 என்றால் 'எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்.' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்திலேயே பூட்டு விழும். 587 என்றால் 'ஸ்டார்ட்-டி.எல்.எஸ்.', இதில் பேச்சு திறந்தவாறு தொடங்கிப் பிறகு பூட்டப்படும். சில மென்பொருள்களில் 'கிடைத்தால் மட்டும்' என்ற தேர்வும் உண்டு. அது ஆபத்தானது. இடையில் இருப்பவன் 'இங்கே பூட்டு இல்லை' என்று நம்பவைத்தால் போதும்; கடிதம் திறந்தபடியே போய்விடும். 'கட்டாயம்' என்றே வையுங்கள். சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வந்தால் அலட்சியமாக 'சரி' என்று அழுத்தாதீர்கள். மறுமுனையில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்பதற்குச் சான்றிதழே அத்தாட்சி.

இந்த அமைப்பு பூட்டுவது உங்கள் கணிப்பொறிக்கும் உங்கள் சர்வருக்கும் இடைப்பட்ட வழியை மட்டுமே என்பதை மறக்கக்கூடாது. மோசக்காரன் போலி முகவரியிலிருந்து எழுதினால் இது தடுக்காது. 2015-இல் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் முகவரியைப் போன்ற போலி முகவரியிலிருந்து சென்ற கடிதத்தை நம்பி, சுமார் 197 கோடி ரூபாய் வேறொரு கணக்குக்குச் செலுத்தப்பட்டதாகச் செய்தி வெளியாயிற்று.

ஆகவே, உறையை ஒட்டுங்கள். கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தாலோ, பணம் அனுப்புமுன் பழைய எண்ணிலேயே தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.